டைசரையே நீக்குவதா, ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மட்டுமா?

மரபணுக்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. எலியின் டி செல் (தைமஸில் வளரும் நோயெதிர்ப்பு செல்) வளர்ச்சியில் அவற்றின் பங்கைப் பார்க்க இரண்டு வழிகள். ஏறக்குறைய எல்லா மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும் வெட்டித் தரும் டைசர் நொதியின் மரபணுவை, குறித்த செல்களில் மட்டும் டி.என்.ஏ.வை வெட்டும் க்ரீ நொதி கொண்டு எடுப்பது ஒன்று. குறிப்பிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் மரபணுவை மட்டும் நீக்குவது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம்.

டைசரை எடுத்தால் விளைவு பெரிதாகத் தெரியும். 2005இல் எல்சிகே-க்ரீ (டி செல்லின் தொடக்கக் கட்டத்திலேயே வெட்டும் க்ரீ) கொண்டு நீக்கியபோது தைமஸ் செல்கள் வெகுவாகக் குறைந்தன. டி செல்கள் சிடி4, சிடி8 என்ற இரு வகைகளாகப் பிரிவது மட்டும் குலையவில்லை. எது இல்லாததால் செல்கள் செத்தன என்பதற்கு அதில் பதில் இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, வெட்டிய பின்னும் தங்கும் மிச்சம். மரபணு போனபின்னும் பழைய டைசர் புரதம் சிறிது காலம் இருக்கும். அது தீர்ந்தாலும் ஆர்கோனாட்டில் (மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தாங்கி வேலை செய்யவைக்கும் புரதம்) அமர்ந்த முதிர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. எளிதில் அழியாது; செல் பிரியப் பிரியத்தான் நீர்த்துப்போகும். சிடி4, சிடி8 இரண்டும் ஒருங்கே உள்ள இரட்டை நேர்மக் கட்டத்துச் செல்களில் பெரும்பாலானவை பிரியாமல் மூன்று நான்கு நாளே வாழ்பவை. பலரும் பயன்படுத்தும் இன்னொரு க்ரீயான சிடி4-க்ரீ வெட்டுவதோ ஏறக்குறைய அங்கேதான். ஆக, 'டைசர் இல்லாத' செல்லில் மைக்ரோ ஆர்.என்.ஏ. தாராளமாக இருக்கக்கூடும். மண்ணீரலில் கதை நேர்மாறு: வெட்டுக்குத் தப்பிய செல்கள் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் அவற்றை அளந்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பிரித்தெடுத்து, வெட்டுப்படாத அல்லீல் (மரபணுப் பிரதி) எவ்வளவு என்று குவான்டிடேட்டிவ் பி.சி.ஆரில் பாருங்கள்; முதிர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஸ்டெம்-லூப் ப்ரைமரால் அளவிடுங்கள். க்ரீ மட்டும் உள்ள உடன்பிறப்பு எலியும் கட்டுப்பாட்டில் வேண்டும், க்ரீயே டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தலாம்.

மிர்-181ஏ1/பி1 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் உள்ள இடத்தைப் பிறப்பிலேயே நீக்கிய எலியில் இந்தத் தொல்லை கிடையாது. 2013இல் வெளிவந்த ஆய்வுகளில் என்கேடி செல்கள் (டி செல்களில் ஒரு தனி வகை) ஏறக்குறைய காணாமல் போயின. வழக்கமான டி செல்கள் பெரும்பாலும் தப்பின. மிர்-181 அடக்கும் பிடென் புரதத்தின் பக்கம் விரல் நீட்ட முடிந்தது. டைசர் எலியிலும் என்கேடி குறையும், குற்றவாளி யார் என்றுதான் தெரியாது.

விலை உண்டு. உடல் முழுக்க நீக்கம் என்பதால் இயல்பான எலி, நீக்கப்பட்ட எலி இரண்டின் மஜ்ஜையையும் (சிடி45.1, சிடி45.2 என்ற அடையாளங்களால் பிரித்தறியலாம்) சரிபாதி கலந்து வேறொரு எலிக்கு ஏற்றி, 8 வாரம் காத்திருந்து பார்த்தால்தான் கோளாறு செல்லுக்குள்ளேயா என்று தெரியும். இன்னொன்று, 181ஏ2/பி2 என்ற வேறொரு இடமும் அதே முதிர்ந்த வரிசையைத் தரும். குறை தெரியவில்லை என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

பி செல்லில் டைசர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2008இல் எம்பி1-க்ரீ (பி செல்லில் வெட்டும் க்ரீ) கொண்டு நீக்கியபோது ப்ரோ-பி என்ற தொடக்கக் கட்டத்திலேயே வளர்ச்சி நின்றது, செல்லைச் சாகவைக்கும் பிம் புரதம் ஏறியது. மிர்-17~92 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. கொத்து இல்லாத எலியும் அதே திசையைக் காட்டியது. யாரைத் தேடுகிறோம் என்றே தெரியாதபோது முதல் சல்லடையாக டைசர் உதவும்.

மைலாய்டு வரிசைக்கு (நியூட்ரோஃபில், மாக்ரோஃபேஜ் போன்ற செல்கள்) இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே பயன்படும் லைஸ்எம்-க்ரீ நன்றாக வெட்டுவது முதிர்ந்த செல்களில். வளர்ச்சியைக் கேட்பவருக்கு அது தாமதம். நியூட்ரோஃபில் என்றால் மிர்-223 நீக்கிய எலியே மேல். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரு பிரதி இழந்த தாயின் ஆண் குட்டிகளில் பாதி நேரடியாகவே நீக்கப்பட்டவை. ஒரு தலைமுறை மிச்சம்.