ஆறு வருட லேசர் பிரிண்டர்: பவுடர் 350, சிப் 250

2019-இல் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 11,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. எழுத்து இன்றைக்கும் பளிச்சென்று விழுகிறது, லாக்டவுன் முழுக்க மகளின் ஆன்லைன் வகுப்புக்கு மாடாக உழைத்தது, மழை நாளில் பேப்பர் நமத்துப்போனால் இரண்டிரண்டாக இழுக்கும், அவ்வளவுதான் குறை. இயந்திரத்துக்கு முழு மார்க்.

பிரச்சினை கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சிப். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் 4,000 ரூபாயைத் தாண்டுகிறதே என்று அதே எஸ்.பி. ரோட்டில் ரீஃபில் செய்யும் திருப்பத்தூர்க்காரரிடம் போனேன். பழைய பேப்பரைப் புனலாகச் சுருட்டி டோனர் பவுடரைக் கொட்டினார், பிளேடால் பழைய சிப்பை நெம்பி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினார். பவுடர் 350, சிப் 250. பக்கத்தை அச்சடிப்பது பவுடர், சிப்பின் வேலை "நான் நம்ம ஆளுதான்" என்று பிரிண்டரிடம் சொல்வது மட்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் இரவு பத்தரை மணி, காலையில் மகள் பிராஜெக்ட் கொடுத்தாக வேண்டும். நேற்றுவரை ஓடிய கார்ட்ரிட்ஜை "இது செல்லாது" என்கிறது பிரிண்டர். மறுநாள் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அப்டேட் போட்டீங்களாண்ணா?" வயிற்றுவலிக்குப் போனால் "வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்பாரே, அதே குரல். நான் போடவில்லை, ராத்திரியில் அதுவே போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடுப்பில்தான் இந்தச் சட்டக் கூத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பெனி (என் பிரிண்டர் அவர்களுடையது இல்லை) மாற்று சிப் செய்த ஸ்டாட்டிக் கன்ட்ரோல் மீது 2002 கடைசியில் காப்புரிமை (பேட்டன்ட் இல்லை, காப்பிரைட்) வழக்குப் போட்டது. எதற்குக் காப்புரிமை? டோனர் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்கும் ஒரு குட்டி நிரலுக்கு. ஒரு மாடலில் 37 பைட், இன்னொன்றில் 55 பைட். இந்த நிரலைவிட வழக்கின் பெயரைத் தட்டச்சு செய்தால் அதிக இடம் பிடிக்கும் என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டார்கள். சிப்பை பிரிண்டர் அடையாளம் பார்க்கும் டிஜிட்டல் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கொல்லைக் கதவுக்கு மட்டும் பூட்டுப் போட்டால் அது பூட்டிய வீடாகுமா என்ற ரீதியில் 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது. அடுத்து அதே கம்பெனி பேட்டன்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. விற்ற பொருள்மேல் பேட்டன்ட் உரிமை விற்பனையோடு தீர்ந்தது என்று 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கோர்ட்டில் தோற்றால் என்ன, ஃபர்ம்வேரில், அதாவது அப்டேட்டில் மாறும் பிரிண்டரின் உள் மென்பொருளில், ஜெயிக்கலாமே! அதற்கு வக்கீல் ஃபீஸும் கிடையாது, வாய்தாவும் கிடையாது.

நம் ஊர்க் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவும் டிஜிட்டல் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருடம்வரை சிறை என்கிறது, ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருக்க வேண்டும். காலி டப்பாவில் பவுடர் நிரப்பும் திருப்பத்தூர்க்காரருக்கு மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று கார்ட்ரிட்ஜ் முடிக்கும் நோக்கம்தான் எனக்குத் தெரிந்து இருக்கிறது. இதில் வேடிக்கை, டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் பாடத்துக்காகப் புத்தகப் பக்கங்களை நகலெடுப்பது தப்பில்லை என்று 2016-இலேயே தீர்ப்பு வந்தாயிற்று. ஆக, அடுத்தவர் எழுதியதை மகள் படிக்க நகலெடுக்கலாம், சட்டம் ஒப்புக்கொள்கிறது. என் காசில் வாங்கிய பவுடரில் எடுக்கத்தான் பிரிண்டர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

கடைசியில் கடைக்காரர் புதுரக சிப் ஒன்றை ஒட்டித் தந்தார், வைஃபையையும் அணைத்துவிட்டார், அன்றிலிருந்து யூஎஸ்பி கேபிள்தான். மூன்று வருடமாகத் தொந்தரவில்லை. வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம், நெட்டில் மட்டும் இணைக்காதீர்கள். லேப்டாப்பில் இருக்கும் அதன் மென்பொருள் மட்டும் "பாதுகாப்பு மேம்பாடு தயார்" என்று தினமும் காலையில் வந்து நிற்கும். யாருடைய பாதுகாப்போ, 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.