முதல் பேஸ் குதிப்புக்கு எந்தக் குடை?

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, ஸ்கைடைவிங் செட் ஒண்ணு வாங்கப் போறேன். அதையே பேஸுக்கும் மாட்டிக்கலாமா?"

கூடாது. ஸ்கைடைவிங் விமானத்திலிருந்து குதிப்பது. பேஸ் என்பது கட்டடம், பாலம், மலைமுகடு மாதிரி நிலையான இடத்திலிருந்து குதிப்பது. இரண்டிலும் குடை என்று நான் சொல்வது பாராசூட்டை. 2014-ல் இதே சேலத்தில் ஸ்கைடைவிங் குதித்த ஓர் இளம்பெண் குடை விரியாமல் இறந்துபோனார். அன்றிலிருந்து இந்த ஊரில் யார் குடையைப் பற்றிக் கேட்டாலும் அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஸ்கைடைவிங் பையில் இரண்டு குடை. முதலாவது மக்கர் செய்தால் அதை வெட்டிவிட்டு ரிசர்வ் என்ற இரண்டாவதை இழுக்கலாம். பல ஆயிரம் அடி உயரம் அதற்கு நேரம் தருகிறது. கிளியூர் அருவியின் 300 அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விழும் பொருள் நாலரை வினாடிக்குள் தரையில் இருக்கும். ஸ்கைடைவிங் குடை மெதுவாக விரியவென்றே தைக்கப்பட்டது. அது விரிந்து முடிக்கவே இந்த உயரம் போதாது, ரிசர்வுக்கு இடமேது? பேஸ் பையில் இருப்பது ஒரே குடை. குறைந்த வேகத்திலும் சட்டென்று, நேராக விரிவதுதான் அதன் வேலை.

அடுத்த கேள்வி, வென்ட் வைத்ததா, வைக்காததா? என் கட்சி வென்ட்தான். வென்ட் என்பது குடையின் அடித்துணியில் உள்ள காற்றுவழி. சாதாரணக் குடை முன்வாயால் மட்டும் காற்றைக் குடிக்கும். இது அடியிலிருந்தும் குடிப்பதால் சீக்கிரம் விறைக்கும். பாறையைப் பார்த்தபடி குடை திறந்துவிட்டால் இதன் அருமை புரியும். அந்த ஓரிரு வினாடிக்குள் தோளையும் குடைக் கயிறுகளையும் இணைக்கும் பட்டைகளில் பின்பக்கத்ததை இழுத்துத் திருப்பியாக வேண்டும். தொளதொளவென்றிருக்கும் குடை கைக்கு அடங்காது. பிரேக் கயிற்றை ஆழமாக இழுத்துப் பிடித்துச் சின்ன இடத்தில் இறங்கும்போதும் வென்ட் வைத்தது உறுதியாக நிற்கும். வைக்காததில் விலை குறைவு, மடிப்பதும் எளிது. ஆனால் தவறு செய்ய அதிக வாய்ப்புள்ளவர் புதியவர்தான். தவறைத் தாங்கும் குடை அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

அளவில் ஸ்கைடைவிங் பழக்கத்தை ஒதுக்கிவையுங்கள். 75 கிலோ ஆள், 8 கிலோ சாமான்: கிட்டத்தட்ட 183 பவுண்டு. குடைத்துணியின் ஒரு சதுர அடிக்கு 0.7 பவுண்டு எடை என்று வைத்தால் 260 சதுர அடி வரும். 190 சதுர அடியில் பழகியவருக்கு இது மாட்டுவண்டி மாதிரி தோன்றும். தோன்றட்டும்.

வெல்க்ரோ பையா, பின் (pin) பையா? அதாவது, வாயை வெல்க்ரோவால் ஒட்டி மூடுவதா, கயிற்று வளையத்தில் ஊசி செருகி மூடுவதா? பழைய வெல்க்ரோ பை ஒன்றை வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். "நாலைந்து தடவைதான் குதிச்சது" என்றார் விற்றவர். வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரித்தேன். புது வெல்க்ரோ 'கர்ர்' என்று கத்தும். இது முனகக்கூட இல்லை. கொக்கிகளில் நூல்பிசிறு அடைத்திருந்தது, ஓரம் நகம் பட்டாலே எழும்பியது. அப்படிப்பட்டது குதிக்கும் முன்பே முதுகில் திறந்துகொள்ளலாம். பின் பையில் இந்தத் தேய்மானத் தொல்லை இல்லை. ஆனால் கயிற்று வளையம் அதிக இறுக்கமாக இருந்தால் பின் வராது, தொளதொளத்தால் தானே நழுவும். மடிக்கும் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பார்க்கச் சம்மதமென்றால் பின் பையே நல்லது.

பைலட் சூட், அதாவது பெரிய குடையைப் பையிலிருந்து இழுத்தெடுக்கும் சின்னக் குடை, ஒன்று போதாது. ஓரிரு வினாடிக்குள் திறக்கும் குதிப்பில் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்கூட இராது. அங்கே 46, 48 அங்குலம் வேண்டும். சின்னதைப் போட்டால் குடையை இழுத்தெடுக்கத் திராணி இருக்காது. நீண்ட குதிப்பில் அதே பெரியதைப் போட்டால் குடையைக் கோணலாகப் பிடுங்கும். குடை விரிவதை மெதுவாக்கும் துணியான ஸ்லைடர் இல்லாமல் குதிப்பதென்றால், பிரேக் கயிறு குடைக்கு மேல் சிக்கினால் விடுவித்துவிடும் கைப்பிடி கட்டாயம்.

இத்தனையும் வாங்கிவிட்டு லேடீஸ் சீட்டுக்கோ பகோடா பாயின்டுக்கோ வந்துவிடாதீர்கள். சேர்வராயன் மலை செங்குத்தாக விழுவதில்லை. சரிந்து சரிந்து இறங்குகிறது. கீழே பாறையும் மரமும், எஸ்டேட் பக்கம் சில்வர் ஓக்கும் காப்பிச் செடியும். இறங்க ஒரு களம் அகலத்துக்குக்கூட வெட்டவெளி கிடையாது. இருநூறு ஸ்கைடைவிங் குதிப்பு முடித்து, ஆசிரியரோடு அமெரிக்காவின் ஐடஹோவில் உள்ள பெரைன் பாலத்துக்குப் போங்கள். 486 அடி, கீழே ஆறு, ஆண்டு முழுவதும் அனுமதி கேட்காமல் குதிக்கலாம்.

அதுவரை குடையை மடித்துப் பழக ஏற்காட்டு வீடே போதும். பனியில் ஈரமானால் மட்டும் வெயிலில் போடாதீர்கள், நைலான் வலுவிழக்கும். நான் காப்பிக் குடோனில் கயிறு கட்டி, நிழலில்தான் உலர்த்துகிறேன்.