நாலு மணிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுங்கள்: அப்பா அம்மாவோடு சென்னை சபாக்கள்

மார்கழி இசை விழாவுக்குச் சென்னை வரும் பிள்ளைகள் பாசத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. பெரிய வித்வானின் ஏழு மணிக் கச்சேரிக்கு முன்வரிசையில் மூன்று டிக்கெட் எடுத்துவிடுவார்கள். எழுபதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கு அந்த நேரமும் சரிவராது, அந்த வரிசையும் சரிவராது. அவர்களோடு போகும்போது மேடையில் யார் என்பதை மூன்றாவதாகத்தான் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு வெளியே வரலாம், இருக்கைக்கும் கழிவறைக்கும் நடுவே எத்தனை படி என்பவை முதல் இரண்டு. இந்த மதிப்புரை அந்தக் கண்ணோட்டத்தில் எழுதியது. பாட்டைப் பற்றிய விமர்சனம் வேறு எங்கும் கிடைக்கும்.

கச்சேரிகளை நடத்தும் சங்கங்கள்தான் சபாக்கள். பெரிய சபாக்களில் சாயங்காலம் இரண்டு கட்டணக் கச்சேரிகள். ஒன்று நாலு மணி வாக்கில் தொடங்கி ஆறரைக்கு முடியும். மற்றொன்று ஏழு மணி வாக்கில் தொடங்கி ஒன்பதரையைத் தொடும். சபாவுக்குச் சபா கால் மணி அரை மணி முன்பின் இருக்கும். ஏழு மணிக் கச்சேரி முடிந்து, கூட்டத்தோடு படியிறங்கி, வண்டி பிடித்து வீடு சேரப் பத்தரை ஆகிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இராச் சாப்பாடு அவ்வளவு தள்ளிப்போகக் கூடாது. நாலு மணி என்றால் எட்டுக்குள் வீட்டில் ரசம் சாதம். அந்த நேரத்தில் பாடுபவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. பலர் பதினைந்து இருபது வருடம் மேடை கண்டவர்கள். மேலே ஏறத் துடிப்பவர்கள் என்பதால் உழைப்பும் கூடுதல். அதற்கும் முந்தைய மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, அரங்கமும் நிறையாது. நெடுநேரம் உட்கார முடியாத பெற்றோரை முதலில் அங்கே அழைத்துப்போய்ப் பாருங்கள். பாதியில் எழுந்து வந்தாலும் காசு போகவில்லை.

இனி சபாக்கள். டி.டி.கே. சாலை முனையில் இருக்கும் மியூசிக் அகாடமி 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-ல் பிறந்தது. இப்போதுள்ள அரங்கம் 1962-ல் திறக்கப்பட்டது. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1-ல் நடக்கும் சதஸ் என்ற விருது விழா வரை இசை விழா. பெற்றோரோடு போக எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான். காரணம் பெருமை இல்லை, நாற்காலி. இரண்டரை மணி நேரம் முதுகு தாங்கும் மெத்தை, பின்னால் உட்கார்ந்தாலும் தெரியும் மேடை. நல்ல இடங்களில் பெரும்பகுதி சீசன் டிக்கெட்காரர்களிடம் போய்விடுகிறது என்பதுதான் குறை. அன்றாட டிக்கெட்டுக்குக் காலையிலேயே வரிசை நிற்கும். அந்த வரிசை பிள்ளைகளின் வேலை, பெரியவர்களை அதற்கு இழுக்காதீர்கள். மலிவு என்று பால்கனி எடுத்தால் முழங்கால் பழிவாங்கும். கீழ்த்தளத்தில் கிடைக்காவிட்டால் வேறு நாள் பாருங்கள்.

அதே சாலையில் ஆழ்வார்பேட்டைப் பக்கம் நாரத கான சபா. இங்கே அரங்கத்துக்கு இணையாகக் கேன்டீனுக்கும் ரசிகர்கள் உண்டு. அதைப் பிறகு பேசுவோம். மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியின் பாரதிய வித்யா பவனில் நவம்பர் கடைசியிலேயே விழா தொடங்கிவிடும், பல கச்சேரிகள் இலவசம். இலவசம் என்றால் இருக்கை எண் கிடையாது. முக்கால் மணி நேரம் முன்பே போனால்தான் ஓரத்து இருக்கை அமையும். மாட வீதியில் கார் நிறுத்த இடம் தேடுவது வீண், ஆட்டோதான் வழி. கோயில் முடித்துக் கச்சேரி, பிறகு டிபன் என்று போகும் மயிலாப்பூர் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அதிகம் பேசப்படாத ஒன்று, பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் நடத்தும் விழா. தெலுங்குக் கீர்த்தனை காதில் ஏறாத அம்மாக்களுக்கு முத்துத் தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று தமிழ்ப் பாட்டுகளைக் கேட்கக் கேட்கச் சொல் புரியும். போக்குவரத்திலும் இதற்கு ஒரு வசதி. உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, லிஃப்ட்டில் ஏறி வெளியே வரலாம். அகாடமிக்கு அந்த வசதி இல்லை. ஏஜி-டிஎம்எஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை வட்டாரத்தில் மெட்ரோ வேலைக்காகச் சாலைகளைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். போன வருடம் போன வழியை நம்பாமல் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே உட்காருவது? பலர் கோட்டை விடுவது இதில்தான். முதல் நான்கைந்து வரிசையின் ஓரங்கள் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே விழும். அங்கே குரலைவிட மிருதங்கம்தான் நெஞ்சில் இடிக்கும். அரங்கத்தின் பாதிக்குச் சற்றுப் பின்னால், நடைபாதையை ஒட்டிய இருக்கை போதும். நடு வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டால், அவசரத்துக்கு எழுவதற்குள் எட்டுப் பேர் முழங்காலைத் தாண்ட வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அநேகம் பேர்.

அப்பாவோ அம்மாவோ காது மெஷின் போடுபவரானால் டிக்கெட்டுக்கு முன்பே அதைச் சரிசெய்து தரும் ஆடியாலஜிஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கருவிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. இடைவிடாமல் ஒரே சுரத்தில் நிற்கும் ஒலி வந்தால், அது கருவியே எழுப்பும் விசில் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். தம்புராவும் வயலினின் நீண்ட வில்லும் அதற்கு அப்படித்தான் படுகின்றன. சுருதி நடுங்குகிறது, வயலின் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் கேட்கிறது என்று அவர் சொன்னால் வித்வான் மேல் பழியில்லை. இசைக்கென்று தனி புரோகிராம் ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் அணைத்தோ, மிகக் குறைத்தோ வைப்பார்கள். இரண்டாவது சிக்கல், ஒலி மிகப் பலமாக வந்தால் கருவியின் நுழைவாயிலிலேயே அது சிதைந்துவிடும். அதன்பின் வால்யூமைக் குறைத்தாலும் சிதைந்தது சிதைந்ததுதான். ஒலிபெருக்கியிலிருந்து விலகி உட்காருவதே மருந்து. பாதிக்குப் பின்னால் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் உருப்படி, அதாவது முதல் பாட்டு, முடியும்வரை எதையும் முடிவு கட்ட வேண்டாம். மேடையில் மைக் அளவுகளைச் சரிசெய்துகொண்டே இருப்பார்கள்.

குளிர் அடுத்தது. அரங்கம் நிறைந்தால் சுமாராக இருக்கும் ஏ.சி., பாதி காலியாக இருந்தால் நடுக்கும். மார்கழிப் பனிக்குத் தலையில் கட்டிய மப்ளர் உள்ளேயும் உதவும். ஆனால் காது மெஷின் மேல் மப்ளரைச் சுற்றினால் உரசல் சத்தமும் விசிலும் வரும். சால்வையைத் தோளோடு நிறுத்துங்கள்.

கேன்டீன். டிக்கெட் இல்லாதவர்களும் சாப்பிடலாம் என்பதால் சனி, ஞாயிறு மதிய இலைச் சாப்பாட்டுக்கு ஊரே வரும். பந்தி முடிந்து இடம் கிடைக்க நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும், பெற்றோருக்கு அது ஆகாது. வார நாளில் போங்கள். டிபனுக்கும் நேரம் உண்டு. ஆறேகாலிலிருந்து ஏழேகால்வரை நாலு மணிக் கூட்டம் வெளியே வர, ஏழு மணிக் கூட்டம் உள்ளே வர, காபிக்குக்கூட அடிதடி. மூன்று மணிக்கே போய் உட்கார்ந்து அடை அவியலோ ரவா தோசையோ சாப்பிட்டுவிட்டு அரங்கத்துக்குள் நுழைவதுதான் சரி. காபியைச் சர்க்கரை போட்டே நீட்டுவார்கள், வேண்டாம் என்றால் டோக்கன் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சமையல்காரர்கள் வருடத்துக்கு வருடம் மாறுவதுண்டு. போன சீசனில் கேட்ட புகழை வைத்து இந்த சீசன் வத்தக்குழம்பை எதிர்பார்க்காதீர்கள்.

எப்போது எழுந்து போவது? மிருதங்கம் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் கழிவறைக்குக் கிளம்புவது சென்னையின் பழைய வியாதி. மிருதங்கக்காரருக்கு அது அவமரியாதை என்பதோடு, கழிவறை வாசலில் மிக நீண்ட வரிசை நிற்பதும் அப்போதுதான். தொடக்கத்தில் பாடும் வர்ணத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது, மூன்றாவது உருப்படிகளுக்கு நடுவே போய்வந்தால் வரிசையே இருக்காது. உள்ளே திரும்ப அந்தப் பாட்டு முடியும்வரை வாசலில் நிற்க நேரலாம். ஐந்தாறு நிமிடம்தான், ஆனால் நிற்க முடியாதவர் என்றால் கூடவே போங்கள். பிரதான ராகம் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் வரும், எதையும் இழக்க மாட்டீர்கள்.

பேச்சையும் சொல்லிவிடலாம். செம்மங்குடி, டி.கே. பட்டம்மாள் போன்ற பழைய பெரும் பாடகர்களை நேரில் கேட்ட தலைமுறை இது. பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையில் இரண்டாவது பிடி முடிவதற்குள் ராகத்தின் பெயர் அப்பா வாயிலிருந்து வந்துவிடும், காது மந்தமானவர் சொன்னால் மூன்று வரிசைக்குக் கேட்கும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கொடுத்துவிடுங்கள். பாட்டு, ராகம், தாளம் என்று வரிசையாக எழுதுவது பழைய ரசிகர்களின் பழக்கம்தான், அம்மாக்கள் இதில் இன்னும் கெட்டி. கேட்க ஒன்றுபோல் இருக்கும் ராகங்களில் தர்பாரா நாயகியா, ஆரபியா தேவகாந்தாரியா என்ற வழக்கு எழுத்திலேயே நடக்கட்டும். நடுவில் போனை எடுத்துத் தேடாதீர்கள். இருட்டில் அந்த வெளிச்சம் பின்வரிசை முழுவதையும் உறுத்தும்.

திரும்பும் வண்டிக்குக் கடைசிப் பாட்டான மங்களம்வரை காத்திருந்தால் ஆயிரம் பேரோடு சேர்ந்து போனில் டாக்ஸி ஆப்பைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். முடிவை ஒட்டி வரும் சின்னப் பாட்டுகளான துக்கடா தொடங்கும்போது ஒருவர் மட்டும் வெளியே வந்து, வாசலிலிருந்து சற்றுத் தள்ளி, கூட்டம் மறிக்காத பக்கத்துத் தெரு முனையில் ஆட்டோவை நிறுத்தி வைக்கட்டும். அம்மா மங்களத்துக்கு எழுந்து நின்று கைகூப்பிவிட்டுத்தான் வருவார். அந்த ஐந்து நிமிட வெயிட்டிங்கை ஆட்டோக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.