"குடல் முழுக்கப் பார்த்தாச்சு" என்பார்கள், கவனம்! (திருகோணமலை ஆக்களுக்கு)

திருகோணமலை டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையம். முறைப்பாடு நடப்பதால் பெயர் போடவில்லை. அங்கே "முழுக்குடல் பரிசோதனை" என்று ஒரு பெக்கேஜ் விற்கிறார்கள். நிலாவெளியில் இருக்கும் என் மாமாவுக்கு இரத்தம் குறைந்துகொண்டே போனது, மலம் தார் மாதிரிக் கறுப்பு. காசைக் கட்டினோம். வாய்வழியே ஒரு கமரா, பின்வழியே ஒரு கமரா. ரிப்போர்ட்டில் ஒரே வரி: குடல் முழுவதிலும் குறை இல்லை.

அந்த "முழுவதும்" பச்சைப் பொய். வாய்வழிக் கமரா இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலோடு நின்றுவிடும். பின்வழிக் கமரா பெருங்குடலைக் கடந்து சிறுகுடலின் கடைசித் துண்டை எட்டிப் பார்த்தாலே பெரிய காரியம். நடுவில் கிடக்கும் பல மீற்றர் சிறுகுடலை யாருமே பார்க்கவில்லை. அதற்கென்று தனி சீ.ரீ. ஸ்கான் இருக்கிறது, விழுங்குகிற கெப்சூல் கமராவும் இருக்கிறது. இரண்டைப் பற்றியும் மூச்சே விடவில்லை.

பிறகு மாதக்கணக்காக கேஸ்ட்ரைட்டிஸ் குளிசையும் இரும்புக் குளிசையும். "கறுப்பாப் போறது இரும்புக் குளிசையாலதான் ஐயா" என்றார்கள். அது கறுப்பாக்கும்தான். ஆனால் மாமாவுக்குக் கறுப்பு வந்த பிறகுதானே குளிசையே தொடங்கியது! மாமி அதைக் கேட்டதற்கு, "நீங்க டொக்டரா அம்மா?" என்று மறுமொழி.

மாமா மயங்கி விழுந்த பிறகு பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து கொழும்பு. ஸ்கானில் நடுச்சிறுகுடலில் கட்டி. ஜிஸ்ட் என்ற அரிய வகை. குடல் சுவருக்குள் முளைத்துப் பெரும்பாலும் வெளிப்பக்கமாக வளரும், வலி பெரிதாகத் தெரியாது, விட்டுவிட்டு இரத்தம் கசியும். முதலில் ஊசி குத்திச் சதை எடுக்கவில்லையா என்று கேட்டோம். முழுசாக எடுக்கக்கூடிய கட்டியைக் குத்தினால் இரத்தம் போகலாம், கட்டி உடைந்து வயிற்றுக்குள் சிந்தவும் கூடும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். கட்டியை உடையவிடாமல், இருபக்கமும் கொஞ்சம் நல்ல குடலோடு வெட்டி எடுத்து, முனைகளைப் பொருத்தினார்கள். ஆய்வுகூடத்தில் சீ.டி.117 (ஜிஸ்ட்தான் என்று காட்டிக்கொடுக்கும் ஒரு புரதம்) பொசிட்டிவ். கட்டியின் அளவையும் கலங்கள் பிரியும் வேகத்தையும் வைத்து, கட்டி திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்க இப்போது இமாட்டினிப் என்ற குளிசை.

கமரா விட்டால் எதுவரை போனது, எந்தப் பகுதி பார்க்கப்படவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். படங்களையும் வாங்குங்கள்.

முறைப்பாட்டுக்காக அந்த நிலையத்தில் ரிப்போர்ட்டின் பிரதி கேட்டோம். தந்த பிரதியில் "குடல் முழுவதிலும்" இல்லை, "பார்த்த பகுதிகளில்" என்று இருந்தது. திகதி பழையதுதான். முதல் ரிப்போர்ட் மாமியின் அலுமாரியில் பத்திரமாக இருந்ததால், இரண்டையும் சேர்த்தே அனுப்பினோம்.