மக்கள் தொடர்பா, தனிநபர் விளம்பரமா: உங்களுக்கு யார் வேண்டும்?

‘பி.ஆருக்கு (மக்கள் தொடர்புக்கு) ஒரு ஆள் வேண்டும்’ என்று தேடுகிற பலருக்கு உண்மையில் வேண்டியது, பேட்டியும் மேடையும் பிடித்துத் தருகிற விளம்பரக்காரர்தான். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வேலை கொடுத்தவருக்கும் ஏமாற்றம், வேலைக்கு வந்தவருக்கும் திண்டாட்டம்.

தனிநபர் விளம்பரம் சட்டென்று புரிந்துவிடும். ஒரு பாடகரோ எழுத்தாளரோ விளையாட்டு வீரரோ இருக்கிறார். அவர் பெயர் நாலு பேர் வாயில் அடிபட வேண்டும். எத்தனை இடத்தில் பெயர் வந்தது என்பதுதான் கணக்கு. இதை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நல்ல படைப்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடாமல் காப்பாற்றுகிற வேலை இது.

மக்கள் தொடர்பில் நிறுவனத்துக்கும் மக்களுக்கும் இடையே பேச்சு இரண்டு பக்கமும் போக வேண்டும். ஆலைப் புகையால் இருமல் வருகிறது என்று பக்கத்தில் குடியிருப்பவர்கள் சொன்னால், அதை நிர்வாகத்திடம் கொண்டுபோய், ‘முதலில் இதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் அறிக்கை விடலாம்’ என்று சொல்ல மக்கள் தொடர்பாளரால் முடிய வேண்டும். அந்த இடத்தை அவருக்குக் கொடுக்காத நிறுவனம், முதலாளியின் படத்தை அச்சில் வரவைக்கத்தான் அவரை வைத்திருக்கிறது.

வித்தியாசம் பளிச்சென்று தெரிவது கெட்ட செய்தி வரும்போதுதான். 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் கவிழ்ந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதே ரயில் நிறுவனங்களின் வழக்கமாக இருந்த காலம் அது. அந்த ரயில் நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஆலோசகர் ஐவி லீ நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துவரச் செய்தார். 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு விஷம் கலந்த டைலெனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என்று மக்களை எச்சரித்து, சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும் மூடியோடு மீண்டும் விற்பனைக்கு வந்தது. வெறும் அறிக்கையோடு நின்றிருந்தால் அந்தப் பெயர் பிழைத்திருக்காது என்பது என் எண்ணம்.

1984இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹண்ட் இருவரும் மக்கள் தொடர்பை நான்கு மாதிரிகளாகப் பிரித்தபோது, விளம்பரம் தேடுவதையும் அதில் ஒன்றாகவே வைத்தார்கள். பாடத்துக்கு அது சரி. ஆள் எடுக்கும்போது அந்தப் பிரிவு உதவாது.

தனி ஒருவர் புதிய படைப்போடு வருகிறார் என்றால் விளம்பரக்காரர் போதும். மருத்துவமனை, பள்ளி, ஆலை என்றால் மக்கள் தொடர்பாளர்தான். முதலாளியின் முகமே நிறுவனத்தின் முகமாக இருந்தால் இருவரையும் வையுங்கள்; ஆனால் ஒருவர் வேலையை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள்.

நேர்காணலில் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ‘நாளைக்கே எங்களைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?’ ‘தெரிந்த நிருபர்களிடம் பேசுவேன்’ என்பவர் விளம்பரக்காரர். ‘என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு?’ என்று உங்களையே திருப்பிக் கேட்பவர் மக்கள் தொடர்பாளர்.