தோலைப் பார்த்து வாங்கிய முழு உளுந்து

கும்பகோணத்தில் எங்கள் வீட்டருகே உள்ள சிறிய தானியக் கடையில் சித்திரையில் வாங்கிய கருப்பு முழு உளுந்தை, மூன்று மாதங்களாக இட்லிக்கும் வடைக்கும் களிக்கும் பயன்படுத்தி வருகிறோம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே வயல் ஈரத்தில் தெளித்து, பங்குனியில் எடுத்த டெல்டா உளுந்து என்று கடைக்காரர் சொன்னார். புதிய சரக்கு என்பதை அதன் தோலே சொன்னது.

உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், ஒவ்வொரு மணியிலும் மங்கிய கருமையும், ஓரத்தில் குருணை போன்ற நீண்ட வெள்ளைத் தழும்பும் மட்டுமே தெரிகின்றன. அத்தழும்பு விதை நெற்றோடு ஒட்டியிருந்த இடம், அது குறையன்று. தோலின் மற்ற பகுதியில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை பயறு வண்டின் முட்டைகளாக இருக்கும். பொரியும் புழு அங்கிருந்தே தோலைத் துளைத்துப் பருப்புக்குள் போய்விடும். சென்ற ஆண்டு வேறொரு கடையில் இதைக் கவனிக்காமல் ஐந்து கிலோ வாங்கி, முழுவதையும் கோழிக்குக் கொட்ட நேர்ந்தது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

முழு உளுந்தில் எப்போதும் சில மணிகள் எவ்வளவு ஊறினாலும் கல்லாகவே கிடக்கும். தோலின் மேலடுக்கில் நெருக்கமாக நிற்கும் செல்கள் நீரை உள்ளே விடாததே காரணம். மண்ணில் விதையைக் காக்கும் அந்தக் குணம் கிரைண்டரில் தொல்லையாகிறது. இந்த உளுந்தில் அத்தகைய மணிகள் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளன. ஆறு மணி நேரம் ஊறியபின் இரு கைகளாலும் பிசைந்தால் தோல் வழுவழுப்பாகக் கழன்று மேலே மிதக்கிறது. நான்கு முறை அரித்தால் பருப்பு வெள்ளையாக அடியில் நிற்கிறது. ஆலையில் தோலைக் கீறி, எண்ணெய் தடவி, காயவைத்து உடைத்த வெள்ளை உளுந்தைவிட இது மாவு நன்றாகக் காண்கிறது. களிக்கு மட்டும் தோலை நீக்காமல் வறுத்து அரைக்கிறோம். அந்த மணமும் இலேசான துவர்ப்பும் தோலோடுதான் வரும். அரித்தெடுத்த பொட்டு பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போகிறது.

சிறு மண்ணுருண்டைகள் கிடக்கின்றன. புடைத்துத்தான் ஊறவைக்க வேண்டும். அறுவடை மாதத்தைப் பொட்டலத்தில் எழுதாதது பெரிய குறை. ஆகையால் ஆடிக்குப் பின் வாங்குவோர், மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்து வாங்குவது நல்லது. கடைக்காரர் அதற்கு முகம் சுளிப்பதில்லை.