ஒற்றைக் கிதாரா, இரட்டைக் குரலா: இஸ்பெல்லும் வெல்ச்–ராலிங்ஸும்

கன்ட்ரி, ஃபோக், ப்ளூஸ், பழைய மலைப்பாட்டு எல்லாம் கலந்து, பாடுகிறவரே எழுதிப் பாடும் இசைக்கு அமெரிக்காவில் 'அமெரிக்கானா' என்று பெயர். அந்த வகையில் அண்மைக் காலத்தில் வந்த ஆல்பங்களில் எதை முதலில் கேட்கலாம் என்று யாராவது கேட்டால், இரண்டின் பெயரைத்தான் சொல்வேன். ஒன்று, கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் 2024 ஆகஸ்டு 23 அன்று வெளியிட்ட 'வுட்லண்ட்'. மற்றது, ஜேசன் இஸ்பெல் 2025 மார்ச் 7 அன்று வெளியிட்ட 'ஃபாக்ஸஸ் இன் த ஸ்னோ'. மூவருமே டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரை மையமாகக் கொண்டு இயங்குகிறவர்கள். மூவருக்குமே சொல் முதலில், ஓசை பிறகு. ஆனால் ஆல்பத்திலிருந்து மேடைக்குப் போகும்போது இரு தரப்பும் நேர் எதிர்த் திசைகளில் நடக்கிறார்கள். என் தீர்ப்பும் அதனால்தான் இரண்டாகப் பிரிகிறது.

இஸ்பெல் அலபாமாக்காரர். டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழுவில் சில ஆண்டுகள் கிதார் வாசித்துவிட்டு 2007இல் வெளியேறினார். 2012இல் குடியை விட்டார். அடுத்த ஆண்டு 'சவுத்ஈஸ்டர்ன்' ஆல்பம் வந்தது. அதோடு அவர் பெயர் நிலைத்தது. வழக்கமாக அவருக்குப் பின்னால் ஃபோர் ஹண்ட்ரட் யூனிட் என்ற முழு இசைக்குழு இருக்கும்: டிரம்ஸ், பேஸ், சேட்லர் வேடனின் எலெக்ட்ரிக் கிதார், எல்லாமே உரத்த ஓசை. புதிய ஆல்பத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் ஐந்தே நாட்களில், 1940இல் செய்த சிறிய மார்ட்டின் கிதார் ஒன்றுடன் பதினொரு பாட்டுகளையும் பதிந்து முடித்துவிட்டார். முதல் பாட்டான 'பரி மீ' கிதார்கூட இல்லாமல் வெறும் குரலில் தொடங்குகிறது. சில வரிகளுக்குப் பிறகு கம்பி அதிரும்போதுதான், அதுவரை எதுவும் துணைக்கு இல்லை என்பது நமக்கு உறைக்கிறது.

இந்தத் தனிமைக்குக் காரணம் உண்டு. பாடகியும் ஃபிடில் (வயலின்) கலைஞருமான அமாண்டா ஷயர்ஸை 2013இல் மணந்தவர் அவர். 2023 டிசம்பரில் விவாகரத்து கோரினார். ஷயர்ஸ் அந்த இசைக்குழுவிலேயே வாசித்தவர். அவரை நினைத்து இஸ்பெல் எழுதிய 'கவர் மீ அப்' பாட்டை ரசிகர்கள் தங்கள் திருமணங்களில் ஒலிக்கவிடுகிறார்கள். மேடையில் அதைப் பாடும்போது, குடியை விட்டொழித்தேன் என்ற வரி வந்ததும் அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கும். அந்த மண வாழ்க்கை முடிந்த பிறகு அந்தப் பாட்டை என்ன செய்வது? புதிய ஆல்பத்தின் 'கிராவல்வீட்' இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறது. தன் மெட்டுகளே தனக்குத் துரோகம் செய்வதைப் பார்க்கும் வரை வாழ்ந்துவிட்டேன், காதல் பாட்டுகளுக்கெல்லாம் இன்று வேறு பொருள் வந்துவிட்டதற்கு வருந்துகிறேன் என்ற கருத்தில் பாடுகிறார். தன் பழைய பாட்டின் கேட்பாளர்களிடம் ஒரு பாடகர் இப்படி மன்னிப்புக் கேட்பதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பத்தை வாங்கலாம்.

எல்லாப் பாட்டும் அந்த உயரத்தில் இல்லை. 'டோன்ட் பி டஃப்' அறிவுரைகளின் அடுக்காக நின்றுவிடுகிறது. 'ட்ரூ பிலீவர்' பாட்டில், உன் தோழிகளெல்லாம் உன் மனதை நான் உடைத்ததாகச் சொல்கிறார்கள் என்று குமுறுகிறார். கோபம் உண்மையானது. ஆனால் பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லாத இடத்தில் வாதாடுவது போல இருக்கிறது. அந்த ஆள் பிறகு தன் பங்கைப் பாடத்தான் செய்தார்: ஷயர்ஸின் 'நோபடீஸ் கேர்ல்' ஆல்பம் 2025 செப்டம்பரில் வந்தது. இஸ்பெல்லைக் கேட்டவர்கள் அதையும் கேட்பதுதான் நியாயம்.

வெல்ச்–ராலிங்ஸ் பக்கம் வந்தால் சொந்தக் கதை கண்ணுக்குத் தட்டுப்படுவதே அரிது. பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் சந்தித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாஷ்வில்லுக்கு வந்து, 1996இல் 'ரிவைவல்' ஆல்பத்தை வெளியிட்டவர்கள் இவர்கள். 'வுட்லண்ட்' என்பது கிழக்கு நாஷ்வில்லில் அவர்களுக்குச் சொந்தமான ஸ்டுடியோவின் பெயர். நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற கன்ட்ரி-ராக் குழுவின் புகழ்பெற்ற 1971 பதிவுகள் நடந்த இடம் அது. 2020 மார்ச் மாதம் சூறாவளி அந்தக் கட்டடத்தின் கூரையைப் பிய்த்தது. கொட்டும் மழையில், இருட்டில், தங்கள் ஆயுள் உழைப்பான ஒலிநாடாக்களை இருவரும் தூக்கிக் காப்பாற்றினார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் கட்டடத்தைச் சீர்செய்து அங்கேயே பதிந்த ஆல்பம் இது. வெல்ச் தன் பெயரில் புதுப் பாட்டுகள் வெளியிட்டு 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி விருது 2025இல் இதற்குக் கிடைத்தது.

இத்தனை நடந்தும் ஆல்பத்தில் புயலைப் பற்றிய புலம்பல் கிடையாது. முதல் பாட்டான 'எம்ப்டி ட்ரெயின்லோட் ஆஃப் ஸ்கை'யில் உயரமான ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு சரக்கு ரயில் போகிறது. பெட்டிகள் காலி. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பகல் வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறது. ரயில் நிறைய வானம். வெல்ச் அதைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார். அது நல்லதா தீயதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இழப்பு என்ற சொல்லைத் தொடாமலேயே இழப்பைப் பாட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 'ஹேஷ்டேக்' பாட்டு, 2016இல் மறைந்த மூத்த பாடலாசிரியர் கை கிளார்க்கை நினைத்து எழுதியது. நம்மைப் போன்ற பாடகர்கள் செத்தால்தான் செய்தி என்று அதில் ஒரு எண்ணம் வருகிறது. ராலிங்ஸ் அதைத் துளிக் கசப்பும் இல்லாமல் பாடுகிறார்.

ஆனால் ஆல்பமாக வைத்துப் பார்த்தால் 'வுட்லண்ட்' சற்றே கூடுதல் அலங்காரம் கொண்டது. சில பாட்டுகளில் டிரம்ஸ் உண்டு, வயலின்களின் வரிசை உண்டு. 'வாட் வீ ஹேட்' பாட்டில் அந்தத் தந்திகள் அழகாகவே ஒலிக்கின்றன. ஆனாலும் இரு குரல்களுக்கு இடையே இருக்கவேண்டிய வெற்றிடத்தை அவை நிரப்பிவிடுகின்றன. எனவே ஆல்பம் என்ற அளவில் என் ஓட்டு இஸ்பெல்லுக்கு. அவருடைய பதிவில் ஒளிய இடமே இல்லை. மூச்சு இழுப்பதுகூடப் பாட்டின் பகுதியாகிவிடுகிறது.

மேடையில் நிலைமை தலைகீழ். இஸ்பெல் 2025இல் சில காலம் தனியாகச் சுற்றுப்பயணம் செய்தார். இந்தப் பாட்டுகளை அப்படிக் கேட்பதே முறை. இசைக்குழுவுடன் வரும்போது அவருடைய பழைய பாட்டுகள் சிறகு விரிக்கின்றன. நாஷ்வில்லின் ரைமன் அரங்கில், 1892இல் தேவாலயமாகக் கட்டிய அந்த மர பெஞ்சுகளுக்கு நடுவே, பல ஆண்டுகளாக அக்டோபரில் தொடர்ந்து பல இரவுகள் வாசித்து வருகிறார். அங்கே பதிந்த நேரலை ஆல்பங்களைக் கேட்டால் அந்த வலிமை புரியும். ஆனால் 'கிராவல்வீட்' போன்ற பாட்டுக்கு டிரம்ஸ் எதற்கு?

வெல்ச்சும் ராலிங்ஸும் ஆல்பத்து அலங்காரங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு மேடையேறுகிறார்கள். இரண்டு பேர், மைக்குகள், மரக் கருவிகள். அண்மைப் பயணங்களில் துணைக்குப் பேஸ் வாசிக்கும் பால் கோவர்ட். நேரலைப் பதிவுகளில் ராலிங்ஸின் கையைக் கவனியுங்கள். அவரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டு எபிஃபோன் ஒலிம்பிக். அந்தக் காலத்தில் மலிவாக விற்ற சின்ன கிதார். வெல்ச் சீராக ரிதம் பிடித்துக்கொண்டிருக்க, இவர் மெட்டோடு ஒட்டாத ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுத்துகிறார். தோள்கள் ஆடுகின்றன, கிதாரின் கழுத்து மேலும் கீழும் அசைகிறது. இனி தாங்காது என்று கேட்பவருக்குத் தோன்றும் நொடியில் அதைப் பாட்டின் ஆதார சுரத்தில் இறக்கி வைக்கிறார். வெல்ச் அப்போது அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டுப் பழக்கம். 'சிக்ஸ் ஒயிட் ஹார்ஸஸ்' பாட்டில் வெல்ச் தொடையைத் தட்டித் தாளம் போட்டு, பூட்ஸ் காலால் ஆடவும் செய்கிறார். அங்கே எந்த ஒலிவித்தையும் கிடையாது.

இதே வகைப் பாடகியான சியரா ஃபெரலின் 'டிரெயில் ஆஃப் ஃப்ளவர்ஸ்' ஆல்பம் 2025இல் நான்கு கிராமி வென்றதே, அவரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அவர் கொண்டாட்டத்தின் பாடகி; தனியாக எழுத வேண்டியவர்.

ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் என்றால் வெல்ச்–ராலிங்ஸ் கச்சேரிக்குப் போங்கள். இரவு முழுவதும் ஹெட்ஃபோனோடு தனியாக இருக்கப் போகிறீர்கள் என்றால் இஸ்பெல்லின் ஆல்பத்தை 'பரி மீ'யிலிருந்து வரிசை மாற்றாமல் கேளுங்கள். இஸ்பெல் மறுபடி தனியாகச் சுற்றுப்பயணம் அறிவித்தால் மட்டும் இந்த வரிசையை நான் மாற்றி எழுதுவேன்.